டிம்பாங் ஜன்னலில் நடுங்கிய சீட்டு

இன்று காலை மாலதி வந்திருந்தாள். என் மகள்தான். நீ முதலில் பார்த்த நாட்களில் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். இப்போது முப்பத்து மூன்று வயது, மந்தினில் குடும்பம். வந்தவள் காப்பிகூடக் கேட்காமல் என் முன்னால் நின்று வலது கையை நீட்டினாள். விரல்களை விரித்து, புறங்கையின் மேல் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு, "பாருங்கப்பா, நல்லாப் பாருங்க" என்றாள். மேலே காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை அணைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். காகிதம் அசையவில்லை.

"போதுமாப்பா? கை வலிக்குதுலா" என்று அவள் சொல்லும்வரை அப்படியே நின்றிருக்கிறேன். எனக்கு உன் நினைவுதான் வந்தது. உன் கையும், நீ ஜன்னல் வழியாக நீட்டிய சீட்டும்.

நீ கண்ணை மூடி மூன்று வருடமாகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து, எழுதாமலே எழுந்திருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் போன ஞாயிற்றுக்கிழமையோடு தீர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். நீ எந்தக் கதையையும் நடுவில் பிடித்து இழுப்பவன், இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்.

கோலா சாவாவுக்கு உள்ளே தள்ளியிருந்த நம் செம்பனை எண்ணெய் மில்லில் நான் டிம்பாங் கிராணி, நீ லாரி டிரைவர். டிம்பாங் என்றால் லாரியை எடை போடும் மேடை, கிராணி அதன் குமாஸ்தா. நீ செம்பனைக் குலைகளோடு வந்து மேடையில் ஏறுவாய், எடையைக் குறித்துக்கொள்வேன். குலைகளைக் கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பவும் ஏறுவாய், அதையும் குறித்துக்கொள்வேன். இரண்டும் இருந்தால்தான் உள்ளே வந்த பழம் எவ்வளவு என்று எழுத முடியும். ஒரு நாளைக்கு நான்கு நடை, ஐந்து நடை. ஒவ்வொரு நடைக்கும் நீ ஜன்னலில் சீட்டை நீட்டி ஏதாவது கிண்டல் அடித்துவிட்டுப் போவாய். "என்னா கிராணி, ஏர்கோன்ல ஊறிப்போயிட்டியா" என்பது, ஏ.சி. அறைக்குள் இருக்கும் எனக்கு உன் வணக்கம் மாதிரி.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன், ஒரு மழைக்காலத்தில்தான் முதலில் கவனித்தேன். நீ நீட்டிய சீட்டு படபடவென்று அடித்துக்கொண்டது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த அதிர்வு என்று நினைத்தேன். மறுநாள் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து நீட்டினாய். அப்போதும் அடித்தது.

அதன்பிறகு என் கண் உன்னை விடவில்லை. உன் கண்கள் சிவந்து, முறைப்பதுபோல் வெளியே நின்றன. கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிற்றைக் கட்டியிருந்தாய். மழை பெய்யும் காலையிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கும். குலை இறக்கும் ஆள் ஒருவன் இரண்டு நிமிடம் தாமதித்ததற்கு நீ போட்ட சத்தம் ஆபீஸ் வரை கேட்டது. நீ யாரையும் அப்படித் திட்டி நான் கேட்டதே இல்லை. வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மிண்ட் வேறு. சிகரெட்டை விட்டதற்காகச் சப்புகிறாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், வாசத்தை மறைக்கத்தான் என்று அப்போது தோன்றியது. அதே வாரத்தில் உன் லாரியின் பின்சக்கரம் மேடையின் ஓரக் கம்பியை உரசியது.

நம் தோட்டத்தில் கை நடுங்கினால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான். சம்சுச் சாராயம் எத்தனை பேரைக் கொண்டுபோனதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். காலையில் கை நடுக்கம், சிவந்த கண், தொளதொளத்த சட்டை, காரணமில்லாத கோபம். பரீட்சைக்குப் படித்துவிட்டுப் போனவன்போல எனக்கு விடை தயாராக இருந்தது. உன் அப்பாவும் அப்படித்தான் போனார். அவருடைய சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால், இந்தக் கருமத்தைத் தொடமாட்டேன் என்று நீ சத்தியம் செய்தபோது பக்கத்தில் நின்று கேட்டவன் நான். இருந்தும், அப்பனைப்போலத்தானே மகனும் என்று என் மனம் சொன்னது. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. லாரி போகிற அந்தச் சாலையில் காலையில் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வரிசையாகப் போவார்கள். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மேனேஜர் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, "குடிச்சிட்டு ஓட்டுறான்னு நெனைக்கிறேன் சார்" என்று சொன்னேன். ஆம், நான்தான். மறுநாள் காலையில் உன்னிடமிருந்து லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். உன்னை உதிரிப்பழம் கூட்டச் சொன்னார்கள். பதினைந்து வருடம் லாரி ஓட்டியவன் துடைப்பத்தோடு என் ஜன்னலைக் கடந்து போனாய். அன்று என்னைப் பார்த்துக் கிண்டல் எதுவும் சொல்லவில்லை.

தோட்டத்தில் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும். உன் வீட்டுக்காரி மேரி கோயிலில் முன்வரிசையில் உட்காருவதை விட்டுவிட்டாள். ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து என் மனைவி சரோஜாவிடம் அழுதாள். "அக்கா, அவரு வாயில ஒரு நாளும் நான் வாசம் பாத்ததில்லக்கா. ஆனா நெஞ்சு மேல கைய வெச்சா குதிர ஓடுற மாதிரி ஓடுதுக்கா. கேட்டா எரிஞ்சி விழுறாரு." நான் உள்ளறையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்தாய். வெள்ளைச் சட்டை, கையில் ஜெபமாலை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

"கிராணி, இன்னிக்கி நான் இங்கதான் இருக்கப் போறேன். பொழுது சாயற வரைக்கும் என்ன வெளிய விடாத."

"எதுக்கு?"

"சும்மாதான்லா. எல்லாரும் நான் குடிக்கிறேங்கறாங்க. குடிக்கிறவன் ஒரு நாள் குடிக்காம இருந்தா எப்படி இருப்பான்னு நீயும் பாத்திருக்க, நானும் பாத்திருக்கேன். உக்காந்து பாரு."

மற்றவர்கள் வீடுகளை எல்லாம் விட்டுவிட்டு ஏன் என் வீட்டுக்கு வந்தாய் என்று அன்றே கேட்க நினைத்தேன். கேட்கும் தைரியம் வரவில்லை.

சரோஜா தோசை சுட்டாள். எட்டுத் தோசை சாப்பிட்டாய். பத்தரை மணிக்கு, "தங்கச்சி, ஏதாச்சும் இருக்கா?" என்று அடுப்படியை எட்டிப் பார்த்தாய். மத்தியானச் சோற்றை மூன்று முறை போட்டுக்கொண்டாய். கயிறு கட்டிய கால்சட்டைக்குள் அதெல்லாம் எங்கே போகிறது என்று சரோஜாவுக்கு ஆச்சரியம். காத்தாடிக்கு நேர் கீழே உட்கார்ந்து துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தாய். கக்கூசுக்கு நான்கு முறை போனாய். ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்தே வைத்துவிட்டு, "வந்து பாத்துக்க கிராணி, பாட்டில் கீட்டில் வெச்சிருக்கப் போறேன்" என்று சத்தம் போட்டாய். சரோஜா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்கு முந்தின பத்து நாளில் நான் சிரித்தது அது ஒன்றுதான்.

வெயில் இறங்கியதும் கையை நீட்டிக் காட்டினாய். காலையில் நடுங்கியது எப்படியோ, அப்படியே நடுங்கியது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சம்சு இல்லாமல் தவிக்கும் கை அப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும். அப்போது சரோஜா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நீ அண்ணாந்து குடித்தாய். அவள் சொம்பைத் திரும்ப வாங்காமல் உன்னையே பார்த்தாள்.

"அண்ணே, இன்னொரு வாய் குடிங்க" என்றாள். குடித்தாய். "கழுத்துல என்னமோ மேல ஏறி எறங்குதுங்க. நீங்க வந்து பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டாள். பார்த்தேன். தொண்டைக்குழிக்கு மேலே ஒரு வீக்கம், விழுங்கும்போது ஏறி இறங்கியது. எத்தனையோ நாள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றாய். உன் கையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு என் மோட்டார் சைக்கிளில் உன்னை ஏற்றிக்கொண்டு கிளினிக்குக் கூட்டிப்போனேன். இளவயது மலாய்ப் பெண் டாக்டர். உன்னைக் கையை நீட்டச் சொல்லி, மேசையிலிருந்த ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்துப் புறங்கையில் வைத்தார். அது சிறகடித்தது. நாடியைப் பிடித்துப் பார்த்தார். பின்னால் வந்து நின்று கழுத்தைத் தடவிப் பார்த்து, தண்ணீர் குடிக்கச் சொன்னார். முந்தின நாள் சரோஜா செய்ததையேதான் அவரும் செய்தார். ரத்தம் எடுக்க வேண்டும், அநேகமாகத் தைராய்டு என்றார். நீ அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "டாக்டர், சாயா மாபோக்கா?" நான் குடித்திருக்கிறேனா என்று. அவர் சிரித்துவிட்டு, "புக்கான், அங்கிள். இது குடி இல்லை, நோய்" என்று மலாயில் சொன்னார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் சுவரில் இருந்த கொசுப் படத்தைப் பார்த்தேன்.

ரந்தாவ் கடைத்தெருவில் தே தாரேக் டீ குடித்தோம். கப்பு உன் கையில் கடகடத்தது. அப்போது நீ சொன்னாய்: "லாரிய ரெண்டு தடவ மேடையில ஏத்திட்டுத்தான் ஒரு கணக்கு எழுதற. மனுசனையும் ரெண்டாவது தடவ பாக்கணும்லா, கிராணி." சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். என்னைச் சொன்னாயா, தோட்டத்தையே சொன்னாயா என்று எனக்குப் புரியவில்லை. புரியாமலே பத்தொன்பது வருடம் உன்னோடு பழகினேன்.

ரத்தச் சோதனை முடிவு வந்ததும் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு தமிழ் டாக்டர் படம் வரைந்து விளக்கினார். கழுத்தில் இருக்கும் சின்னச் சுரப்பி, அது விடும் ஹார்மோன், உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அது தீர்மானிப்பது, அதை அடக்கியும் முடுக்கியும் வைக்கும் இன்னொரு சுரப்பி மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருப்பது. எனக்குத் தலை சுற்றியது. நீ தலையாட்டிக் கேட்டுவிட்டு அவருக்கே திருப்பிச் சொன்னாய்.

"அதாவது டாக்டரு, தலைக்குள்ள இருக்கிறது வேல வாங்குற மண்டோரு. கழுத்துல இருக்கிறது வேலையாளு. வேல கொறைஞ்சா மண்டோரு சத்தம் போடுவாரு, கூடிப்போனா வாய மூடிக்குவாரு. என் மண்டோரு வாய மூடி ரொம்ப நாளாச்சி. வேற எவனோ மண்டோரு கொரல்ல கத்திக்கிட்டே இருக்கான். இந்தக் கூறுகெட்ட ஆளும் அத நம்பிச் செஞ்சிக்கிட்டே இருக்கு. சரியா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரத்தத்தில் வேண்டாத ஒன்று உண்டாகி அந்தச் சுரப்பியைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது, நீங்கள் சொன்னதுதான் சரி, இனி நானும் இப்படியே சொல்லப்போகிறேன் என்றார். திரும்பும் வழியெல்லாம் அந்தப் பெருமையிலேயே வந்தாய்.

மாத்திரையில் நடுக்கம் அடங்கியது. மூன்று மாதத்தில் மேனேஜரே உன்னைக் கூப்பிட்டுச் சாவியைத் திரும்பக் கொடுத்தார். ஆனால் மாத்திரையை நிறுத்தினால் பழையபடி ஆரம்பித்தது. கடைசியில் கதிர்வீச்சு ஏற்றிய அயோடின் மருந்தைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பக்கம் சில நாள் போகக்கூடாது என்றதால் காலியாகக் கிடந்த ஒரு லயத்து வரிசை வீட்டில் தனியாக இருந்தாய். மேரி ஜன்னலுக்கு வெளியே தூரமாக நின்று பேசுவாள். கல்யாணத்துக்கு முன்பு பேசியதுபோல இருக்கிறது என்று நீ சொன்னதும் அவள் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

அந்த மருந்து வேலையாளையே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. சில மாதத்தில் நீ தலைகீழாக மாறினாய். பட்டப்பகலில் சுவெட்டர், குளிரான கேமரன் மலைக்குப் போகிறவன்போல. முகம் உப்பி, பேச்சு இழுத்து, நின்றால் தூக்கம். இனிமேல் ஆயுசுக்கும் தினம் ஒரு தைராக்சின் மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்கள். போட்டாய், சரியாகவில்லை. அளவைக் கூட்டினார்கள், அப்போதும் சரியாகவில்லை. ஒழுங்காகப் போடுவதில்லை என்று கிளினிக்கில் உன்னைக் கடிந்துகொண்டார்கள். ஒரு மாத்திரைகூடத் தவறவில்லை என்று நீ மேரி மேல் ஆணையிட்டாய்.

இந்த முறை நான் இரண்டாவது தடவை பார்த்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு உன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். நீ எழுந்தாய், முகம் கழுவினாய். மேரி கட்டிப்பால் ஊற்றிய காப்பியைப் பெரிய கோப்பையில் கொண்டுவந்தாள். தோட்டத்தில் எவன் அது இல்லாமல் வேலைக்கு இறங்கினான். நீ மாத்திரையை வாயில் போட்டு அந்தக் காப்பியாலேயே விழுங்கினாய். அன்றே கிளினிக்கில் போய்ச் சொன்னேன். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும், அரைமணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் காப்பி குடிக்க வேண்டும், காப்பியும் பாலும் மருந்தை உடம்பில் சேரவிடாது என்றார்கள். அளவைக் குறைத்துத் திரும்பவும் ஆரம்பித்தார்கள். இரண்டே மாதத்தில் ஜன்னலுக்கு வெளியே, "என்னா கிராணி, ஏர்கோன்ல ஊறிப்போயிட்டியா" என்று கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சீட்டைத் தேடுவதுபோல மேசைக்கடியில் குனிந்துகொண்டேன்.

அதன்பிறகு நீ ஓய்வு பெறும்வரை லாரி ஓட்டினாய். பேரப்பிள்ளைகளோடு போர்டிக்சனில் இருந்தாய். மூன்று வருடத்துக்கு முன் நிமோனியா வந்து போனாய். அதற்கும் கழுத்துக்கும் சம்பந்தமில்லை. உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதும் மேனேஜர் அறையில் சொன்னதை உன்னிடம் சொல்லாமலே விட்டேன்.

மாலதிக்கு வருகிறேன். அவள் சிரம்பானில் ஒரு பல் டாக்டரிடம் தாதியாக இருக்கிறாள். கருவிகளை எடுத்து டாக்டர் கையில் கொடுக்க வேண்டும். போன வருடக் கடைசியில் ஒரு நாள் ஒரு காகிதத்தோடு வந்தாள். "இத ஒரு தடவ படிச்சிப் பாருங்கப்பா, நாளைக்கிக் குடுக்கப் போறேன்." வேலையை விடுவதாக எழுதிய கடிதம். இரண்டு முறை கருவியைத் தவறவிட்டுவிட்டாளாம். வீட்டில் எதற்கெடுத்தாலும் கோபமாம், மாப்பிள்ளை முகம் கொடுத்துப் பேசி ஒரு வாரமாகிறதாம். "டென்ஷன்தான்ப்பா. எனக்கு இந்த வேல சரிவராது. கை பயப்படுது" என்றாள். ஒன்பது வருடம் ஆசையாகப் பார்த்த வேலை.

நான் கடிதத்தைப் படிக்கவில்லை. அது அவள் விரல்களில் படபடவென்று அடித்துக்கொண்டதைத்தான் பார்த்தேன். எழுந்துபோய்க் காத்தாடியை அணைத்தேன். அப்போதும் அடித்தது. கையை நீட்டச் சொல்லி அதே கடிதத்தைப் புறங்கையில் வைத்தேன். "என்னப்பா விளையாட்டு இது" என்றாள். சரோஜா ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து, "குடிடி" என்றாள். நாள் முழுக்கப் பிறர் வாய்க்குள் பார்ப்பவள் தன் கழுத்தைக் கண்ணாடியில் பார்க்கவில்லை.

மறுநாளே கிளினிக். ரத்தச் சோதனை முடிவு வரும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை. உனக்கு வந்ததேதான் அவளுக்கும். மருந்து ஆரம்பித்தார்கள். முழுதாகக் குணமாக நாளாகும், திரும்ப வந்தாலும் வரலாம், ஆனால் இதற்கு வழி இருக்கிறது என்றார் டாக்டர். அது எனக்குத் தெரியும், உன்னை வைத்துப் பார்த்தவன் நான். மாப்பிள்ளை அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறான். கடிதம் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. போன வாரம் ரத்தத்தில் எல்லாம் சரியான அளவில் இருப்பதாகச் சொன்னார்கள். நான் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் போன ஞாயிறு போர்டிக்சனுக்கு மேரியைப் பார்க்கப் போனேன். சொல்லிக்கொண்டே வந்தபோது மற்றதும் வாயில் வந்துவிட்டது. "மேரி, அன்னிக்கி மேனேஜர்கிட்ட சொன்னது நான்தான்மா."

மேரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியும்ணே. சாவி வாங்கினப்பவே மேனேஜரு அவருகிட்ட சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன் என் வீட்டுக்கு வந்தான்?"

"நானும் அதத்தான் கேட்டேன். அதுக்கு அவரு, நான் குடிக்கலங்கறது என்னிக்கி இருந்தாலும் வெளிய வந்துரும். அன்னிக்கி கிராணி என் மூஞ்சில முழிக்க மாட்டான், ஒடிஞ்சி போயிருவான். அதனால அவனே கண்டுபிடிச்சதா இருக்கட்டும்னாரு." கீரைக்காம்பைத் தட்டிவிட்டு, "ரோட்டுல போற பிள்ளைங்கள நெனச்சித்தான் சொன்னான்னும் சொன்னாரு. உக்காருங்கண்ணே, சாப்புட்டுப் போலாம்" என்றாள்.

இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன்.

இன்று காலை மாலதி என் இழுப்பறையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து நின்ற காகிதம் அதே கடிதம்தான். அசையாமல் இருந்ததைக் காட்டிவிட்டு நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். இதை எழுதும்போது அது அங்கேதான் இருக்கிறது. நீ உன்னை நிரூபிக்க வந்தாய் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஒரு நாள் முழுக்க என் வீட்டு நாற்காலியில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்து, எனக்கு இரண்டாவது தடவை பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். அந்தப் பார்வையால்தான் என் பிள்ளை நாளைக் காலையில் வேலைக்குப் போகிறாள்.